கடையை மூடினால் முதலாளிக்குப் படி உண்டா?

பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் நம்மவர் கடைகளில் சில காலமாக அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. "வேலை போனவனுக்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் கொடுக்கிறதாமே, கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கொடுக்காதா?" என்பது கேள்வியின் முற்பாதி. "பாங்கியில் கொஞ்சம் ரொக்கம் கிடக்கிறது, அதைக் காட்டி இல்லையென்று சொல்லிவிடுவார்களா?" என்பது பிற்பாதி. இவ்விரண்டுக்கும் நாம் அறிந்த மட்டில் விடை எழுதலாமென எண்ணினோம். நாம் சட்டம் படித்தவரல்லோம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் கண்டு, பின் கல்லாப் பெட்டியடியில் உட்கார்ந்தவர்களே. ஆயினும் சந்தா கட்டுகிறவன் தான் எதற்காகக் கட்டுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள வழக்கறிஞனாய் இருக்க வேண்டியதில்லை.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முற்பாதிக்கு விடை: கிடையாது. பிற்பாதிக்கு விடை: சேமிப்பு எவ்வளவு என்று அங்கே ஒருவரும் கேட்பதே இல்லை. கடைக்காரருக்குக் கிடைக்காமற் போவது அவரிடம் பணம் இருப்பதால் அன்று. அவர் தொழிலாளி அல்லர் என்பதால்தான். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, பாங்கிக் கணக்கை மனைவி பேருக்கும் மைத்துனன் பேருக்கும் மாற்றுகிற வீண் வேலையைச் சிலர் செய்வதாகக் கேள்விப்படுகிறோம். அதனால் ஒரு காசு பிரயோஜனமும் இல்லை.

விஷயம் இதுதான். மலேசியாவில் வேலை இழப்புக்கென்று உள்ள ஏற்பாடு, 2017-ஆம் ஆண்டின் வேலை இன்ஷூரன்ஸ் முறைச் சட்டம், அஃதாவது 800-ஆம் எண் சட்டம். 2018 ஜனவரி 1 முதல் சந்தா பிடிக்கத் தொடங்கினார்கள். அந்த முதல் ஆண்டில் வேலை இழந்தோர்க்கு இடைக்கால உதவியாக மாதம் 600 வெள்ளி வீதம் மூன்று மாதம் கொடுத்தார்கள். 2019 ஜனவரி முதல் முழு முறை நடப்புக்கு வந்தது. நடத்துவது பெர்கெசோ. முதலாளி 0.2 சதவிகிதம், தொழிலாளி 0.2 சதவிகிதம், மாதம் 2,000 வெள்ளி சம்பளக்காரன் என்றால் இருவரும் ஆளுக்குச் சுமார் 4 வெள்ளி. ஒரு தேத்தண்ணீரும் ஒரு ரொட்டிச் சானாயும் சாப்பிடும் செலவு. ஒரே ஒரு சிப்பந்தி வைத்திருந்தாலும் முதலாளி பதிந்து கட்டியாக வேண்டும்.

வேலை போனால் கிடைப்பதன் பெயர் வேலை தேடும் படி. முதல் மாதம் சம்பளத்தில் 80 சதவிகிதம், இரண்டாம் மாதம் 50, மூன்றும் நான்கும் 40, ஐந்தும் ஆறும் 30. மேற்படி 2,000 வெள்ளிக்காரனுக்கு முதல் மாதம் 1,600, பின் 1,000, பின் 800, 800, 600, 600. ஆறு மாதமும் கிடைத்தால் மொத்தம் 5,400 வெள்ளி. எல்லோருக்கும் ஆறு மாதம் கிடைக்குமென்பதில்லை. கட்டிய சந்தா எத்தனை மாதம் என்பதைப் பொறுத்து மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை. முதன்முறை மனுச் செய்பவன், வேலை போவதற்கு முந்திய 24 மாதத்தில் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை போன 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அறுபது நாள் தாண்டினால் அடுத்தவாரம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இது பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள ஏற்பாடு. ஊரிலிருந்து வேலைப் பெர்மிட்டில் நாம் வரவழைக்கும் பையன்களுக்கு இந்தப் படி இல்லை. அவர்களுக்கு 2019 ஜனவரி முதல் பெர்கெசோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. அதற்கான சந்தாவையாவது தவறாமல் கட்டுகிறோமா என்பதை அவரவர் பேரேடே சொல்லும்.

இனி, முதலாளிக்கு ஏன் இல்லை? சட்டம் பாதுகாப்பது கூலிக்கு அமர்ந்தவனை. தனி ஆள் பேரில் பதிந்த கடைக்காரரும், பங்குதாரர்களும் யாரிடமும் கூலிக்கு அமர்ந்தவர் அல்லர். ஆகவே அவர்கள் கட்ட வேண்டியதுமில்லை, கேட்க உரிமையுமில்லை. கடையைச் சென்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாக்கி, தாமே டைரக்டராக இருந்து, ஒழுங்காகச் சம்பளம் எடுத்து, அந்தச் சம்பளத்துக்குச் சந்தாவும் கட்டி வருபவர் நிலைமை வேறு. அவர் கம்பெனியின் ஊழியராகவும் கருதப்படலாம். ஆனால் நேற்று வரை தனி ஆள் கடை, இன்று கம்பெனி, நாளை மூடல், மறுநாள் மனு என்று வந்தால் அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவார்கள் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம். பொய் மனுவுக்கு அபராதமும் சிறையும் சட்டத்திலேயே இருக்கின்றன.

தொழிலாளியின் வேலையைப் பறிப்பவர் இன்னொருவர். கடைக்காரரின் கடையை மூடுவதோ கடைக்காரர் தாமே. பிரிமியம் கட்டியவன் தானே தீர்மானித்து நஷ்ட ஈடு பெறும் ஏற்பாடு எந்த இன்ஷூரன்ஸிலும் நிலைக்காது. இந்த நியாயத்தில் பாதி சரியென்றே நாமும் ஒப்புகிறோம். மறுபாதியை 2020 மார்ச் 18 காட்டிவிட்டது. நடமாட்டக் கட்டுப்பாடு வந்த அன்று மளிகைக் கடை திறந்திருக்க, துணிக்கடையும் பாத்திரக்கடையும் சர்க்கார் உத்தரவால் கதவடைத்தன. அதில் கடைக்காரர் தீர்மானித்தது என்ன இருக்கிறது? அப்போது சிறு வியாபாரிகளுக்கென 3,000 வெள்ளி தனி மானியம் அறிவித்தார்கள். எஸ்.எஸ்.எம்.மிலோ நகராண்மைக் கழகத்திலோ பதிவுள்ளவருக்குத்தான் அது; லைசென்ஸ் இல்லாமல் மூலையில் மேசை போட்டவருக்கு இல்லை. அது அருளாகக் கொடுக்கப்பட்டது, உரிமையாக அன்று என்பதையும் கவனிக்க வேண்டும்.

தோட்டப்புறத்துக் கடைகளின் கதையும் இப்படியே. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து ஜனங்கள் பட்டணத்து வீடமைப்புகளுக்குக் குடிபெயர்ந்தபோது, சம்பள நாளை நம்பிக் கடன் புத்தகம் எழுதிய கடைகள் எத்தனை, ஒருவர் தீர்மானமும் இல்லாமல் தாமாகவே மெலிந்து போயின! கடன் புத்தகத்தில் நின்ற பாக்கி பாக்கியாகவே நின்றது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் நம் கேள்வி அசட்டுக் கேள்வியல்ல என்பது விளங்கும். தென் கொரியாவில் 2012 முதல் சிறு முதலாளிகள் விரும்பினால் தாமே சந்தா கட்டிச் சேரலாம். நஷ்டத்தால் கடையை மூட நேர்ந்தது என்று காட்டினால் படி பெறலாம். அயர்லாந்தில் 2019 நவம்பர் 1 முதல் சுயதொழில் செய்வோர்க்கென்று தனியாக ஒரு படி ஏற்படுத்தினார்கள். சந்தா போதிய அளவு கட்டியிருந்தால் சேமிப்பைக் கேட்காமலே தருகிறார்கள். அமெரிக்காவில் 2020 மார்ச்சில் இயற்றிய நோய்க்காலச் சட்டப்படி சுயதொழில்காரர்களுக்கும் வேலையிழப்புப் பணம் கொடுத்து, 2021 செப்டம்பரில் நிறுத்தினார்கள். பிரிட்டனிலோ நிலைமை வேறு. அங்கே சந்தா வழியே வரும் படி சுயதொழில்காரருக்கு இல்லை; ஏழைமை வழியே வரும் உதவியைத்தான் அவர் கேட்கலாம். அதற்குச் சேமிப்பை எண்ணிப் பார்ப்பார்கள். 16,000 பவுனுக்கு மேல் இருந்தால் ஒன்றுமில்லை. 6,000-க்கும் 16,000-க்கும் இடையே இருந்தால் அதற்கேற்பக் குறைத்துக் கொடுப்பார்கள். லண்டனில் உள்ள உறவினர் போனில் சொன்னதைக் கேட்டு, இங்கும் அப்படியே என்று நம்மவர் நினைத்ததுதான் குழப்பத்திற்கு ஒரு காரணம் போலும்.

ஆக, பணம் கிடைக்கும் வழி இரண்டு. ஒன்று, முன்னே கட்டியதற்குப் பின்னே பெறுவது. அதில் நீர் ஏழையா பணக்காரரா என்ற பேச்சில்லை. மற்றது, இல்லாமையைக் கண்டு கொடுப்பது. அதில் நிலைமையைப் பார்த்தே கொடுப்பார்கள். நம் நாட்டில் ரஹ்மா உதவித் தொகை குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பதால் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வருமானம் நின்றுபோன கடைக்காரர் அதற்கு மனுச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிவு விவரங்கள் சரியாயிருக்க வேண்டும், அவ்வளவே.

இரண்டாம் வகையில் நமக்கு மிகவும் நெருங்கியது ஜகாத். இதில்தான் "சேமிப்பு வைத்திருப்பவன் வாங்கலாமா?" என்ற கேள்வி சரியான கேள்வியாகிறது. சற்று நின்று எழுதுகிறோம். ஏனெனில் நம்மவருள் இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி, காயல் கீழக்கரைக்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி. இரு மத்ஹபிலும் அளவுகோல் வேறு. ஹனஃபி முறையில், அத்தியாவசியத் தேவையும் கடனும் போக நிஸாப் அளவு செல்வம் கையில் உள்ளவர் ஜகாத் வாங்கக் கூடாது. ஷாஃபி முறையில் நிஸாப் அளவு இருப்பது தடையன்று. அவருடைய, அவர் குடும்பத்துடைய தேவைக்கு அது போதுமா என்பதே கேள்வி. போதவில்லையானால் நிஸாப் வைத்திருப்பவரும் மிஸ்கீன்தான். கெடாவின் ஜகாத் வாரியத்தார் பார்ப்பதும் இந்தத் தேவை அளவையே. வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, மருந்துச் செலவு என்று கணக்கிட்டு, வருவதற்கும் வேண்டியதற்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறார்கள்.

ஷாஃபி மத்ஹபின் இமாம் நவவி அவர்கள் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார்கள். வியாபாரம் தெரிந்து, முதல் இல்லாமல் நிற்பவனுக்கு ஜகாத்திலிருந்து முதலே கொடுக்கலாம். அதுவும் அவன் தொழிலுக்குத் தக்க அளவில், கீரை விற்பவனுக்குச் சிறு தொகையும் நகை வியாபாரிக்குப் பெருந்தொகையும் என்று விவரித்திருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கும் முன் டமாஸ்கஸ் பக்கத்தில் எழுதியதைப் படிக்கும்போது, கடை இழந்தவனுக்கு வேலை தேடும் படியைவிட முதல்தான் மருந்து என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்ததே என்று வியப்பாக இருக்கிறது. கொள்முதல் கடனில் மூழ்கியவர் 'காரிம்' என்ற கடனாளி வகையில் வருவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. கடை மூடியதாலேயே ஜகாத் கடமை மறைந்துவிடாது. பாங்கியில் கிடக்கும் பணம் 85 கிராம் தங்கத்தின் விலைக்குச் சமமாகவோ மேலாகவோ ஓராண்டு நின்றால் இரண்டரை சதவிகிதம் கொடுத்தே தீர வேண்டும். "எனக்கே வருமானமில்லை" என்பவருக்கு நம் ஆலிம்கள் கூறும் பதில், வருமானத்துக்கல்ல, நிற்கும் செல்வத்துக்கே இந்த ஜகாத் என்பது.

இத்தனைக்கும் நடுவில் நாம் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது முதலாளியைப் பற்றியதல்ல, சிப்பந்தியைப் பற்றியது. கடையை மூடும் நாளில் நம்மவர் சிலர் செய்யும் காரியம் ஒன்றிருக்கிறது. ஒரு காகிதத்தை நீட்டி, "தம்பி, நீயாக நின்றுகொள்கிறதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு, எனக்கும் தொந்தரவில்லை, உனக்கும் தொந்தரவில்லை" என்கிறார்கள். பையனும் பத்து வருஷம் உப்பைத் தின்ற நன்றிக்காக, "சரி முதலாளி" என்று போட்டுவிடுகிறான். அந்த ஒரு கையெழுத்தில் அவனுக்கு வர வேண்டியது இரண்டும் போய்விடுகிறது.

தானாக விலகியவனுக்குப் பெர்கெசோவின் படி இல்லை. மேலே கண்ட 5,400 வெள்ளி அங்கேயே முடிந்தது. மேலும், 1980-ஆம் ஆண்டின் வேலை நீக்க நன்மை விதிகளின்படி, மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரனை ஆட்குறைப்பாக நிறுத்தினால் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டுக்குக் குறைந்தவனுக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். ஏழாண்டு நின்றவனுக்கு 140 நாள் சம்பளம் வரும். இதைக் கொடுக்க மனமில்லாமல் விலகல் கடிதம் வாங்குவது, கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொல்லப்பட்ட ஒரு கூட்டத்தார் செய்யக்கூடிய காரியமா? கையில் ரொக்கம் போதவில்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லித் தவணை கேட்கலாம். அவன் பெர்கெசோவில் பெறப் போகும் பணமோ நம் பையிலிருந்து போவதன்று. நாம் ஏற்கனவே கட்டியதிலிருந்து வருவது. அதையும் சேர்த்துக் கெடுப்பானேன்?

ஆகையால் கொடுக்க வேண்டிய கடிதம் இது: இன்ன தேதியில் கடை மூடப்படுகிறது, அதனால் இன்னாருடைய வேலை முடிவுக்கு வருகிறது. இரண்டு வரி போதும். கடையின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கட்டும். அதோடு கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டு, அடையாளக் கார்டு, பாங்கிக் கணக்கு எண். இவற்றைக் கொண்டு அவன் மனுப் போடலாம். கம்ப்யூட்டர் தெரியாதவன் சுங்கை பட்டாணியில் உள்ள பெர்கெசோ ஆபீசுக்குப் போனால் அங்கே வழிகாட்டுவார்கள். கடையில் வேலை செய்யும் மகனோ மருமகனோ சம்பளம் வாங்குகிறவனாயிருந்தால் அவன் பேரிலும் சந்தா கட்டிச் சம்பளச் சீட்டு எழுதி வரலாம். "வீட்டுப் பிள்ளைதானே, வேண்டியதைக் கல்லாவில் எடுத்துக்கொள்கிறான்" என்று விட்டுவைத்தால், நாளை அவன் தொழிலாளி என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இராது.

முதலாளி தமக்கென்று என்ன செய்துகொள்ளலாம்? 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, 789-ஆம் எண். அவ்வாண்டு ஜூன் முதல் டாக்சிக்காரர்களுக்கென்று தொடங்கி, 2020 ஜனவரி முதல் அங்காடி வியாபாரம் உட்பட இருபது துறைகளுக்கு விரித்தார்கள். மிகக் குறைந்த திட்டத்துக்கு அப்போது ஆண்டுச் சந்தா 157 வெள்ளி 20 காசு. தொழில் செய்கையில் விபத்து நேர்ந்தால் வைத்தியம், படி, ஊனமுற்றால் உதவித் தொகை, மரணமானால் குடும்பத்தாருக்குப் பணம் எல்லாம் உண்டு. வியாபாரம் படுத்துவிட்டது என்பதற்கு மட்டும் இதில் ஒன்றும் இல்லை. மேல்மாடியில் மூட்டை இறக்கும்போது விழுந்தால் கிடைக்கும். விலை விழுந்தால் கிடைக்காது. நம் கடை எந்தத் துறையில் சேரும் என்பதை ஆபீசில் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நலம்.

அடுத்தது ஊழியர் சேமநிதி. 1951-ல் ஏற்பட்டது, சம்பளக்காரர்களுக்கு மட்டும் என்று நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுயதொழில்காரர் தாமாகவே கட்டலாம். 'ஐ-சாராஆன்' என்ற திட்டத்தில் சேர்ந்தவருக்கு, கட்டியதன் மேல் சர்க்கார் தன் பங்காகக் கொஞ்சம் போடுகிறது. 2018-ல் 15 சதவிகிதம், ஆண்டுக்கு 250 வெள்ளி வரை என்று தொடங்கிய அது, பின்னர் 500 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. 2024 மே 11 முதல் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டோர் கட்டும் பணம் மூன்றாகப் பிரிகிறது: 75 பங்கு முதுமைக்கு, 15 பங்கு வீடு, படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்கு, 10 பங்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கு. ஆயிரம் கட்டினால் நூறுதான் அவசரத்துக்கு வரும் என்று பொருள். ஆகவே கடை மூடும் காலத்துக்குச் சேமநிதியை மட்டும் நம்புவது போதாது. முதுமைக்கு அது நல்லது.

நம்மவர் காலங்காலமாக நம்பி வந்தது கூட்டுச் சீட்டு. மாதம் ஐந்நூறு வெள்ளி, இருபது பேர், ஏலம் அல்லது குலுக்கல். இந்நாட்டில் 1971-ஆம் ஆண்டிலேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் என்று ஒன்று வந்து அதைத் தொழிலாக நடத்துவது குற்றமாக்கப்பட்டது. 'கூட்டு' என்ற நம் தமிழ்ச் சொல்லே சட்டத்தின் பெயரில் ஏறியிருப்பதில் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை! சீட்டுப் பிடித்தவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்லவும் வாயில்லை. சேமிப்பென்று அதைக் கணக்கில் எழுதிக்கொள்பவர் எழுதாமலிருப்பதே மேல்.

நமது அபிப்பிராயம் இது. கடைக்காரர் தாமும் தம் கடையில் ஒரு சிப்பந்தி என்று வைத்துக்கொண்டு, மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைக் கல்லாவிலிருந்து எடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதி கடைக் கணக்கோடு கலவாத வேறொரு கணக்குக்குப் போக வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவு சேரும் வரை அதைத் தொடக் கூடாது. சர்க்கு மலிவாக வருகிறது, நோன்புப் பெருநாள் கொள்முதலுக்கு வேண்டும் என்று ஆயிரம் காரணம் வரும். பெருநாள் கொள்முதலுக்குப் போன பணம் பெருநாள் முடிந்ததும் திரும்பி வருகிறதா, அலமாரியில் துணியாக நிற்கிறதா என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கடை மூடும் மாதத்தில் அந்தத் துணியை விற்றுப் பால் பவுடர் வாங்க முடியாது.

மூடுவதென்று தீர்மானித்தவர் கவனிக்க வேண்டிய சில்லறை வேலைகளும் உண்டு. எஸ்.எஸ்.எம்.மில் பதிந்த வியாபாரத்தை நிறுத்திய 30 நாளுக்குள் 'சி' பாரம் கொடுத்துப் பதிவை முடிக்க வேண்டும். நகராண்மைக் கழக லைசென்ஸை ஒப்படைக்க வேண்டும். பெர்கெசோவிலும் சேமநிதியிலும் முதலாளிக் கணக்கை மூடச் சொல்லி எழுத வேண்டும். இல்லையேல் சந்தா பாக்கி என்று கடிதம் வந்துகொண்டேயிருக்கும். கடைச் சிப்பந்தியின் கடைசி மாதச் சந்தாவை மட்டும் முதலில் கட்டிவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கவும். அவனுக்கு அறுபது நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.